எட்டு விநாடிக்கு ஒன்று

மார்ச் 3, திங்கள்

தம்பிக்கு,

போனில் பேசினால் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ மூன்று வரி பேசிவிடுவாய். போன மாதம் முழுக்க அதுதான் நடந்தது. அதனால் எழுதுகிறேன். இங்கிருந்து தினமும் சாயங்காலம் நம் ஊருக்கு ஒரு பார்சல் வண்டி போகிறது. கழற்றிய பாகங்களோடு இந்தக் கடிதத்தையும் பெட்டிக்குள் போடுகிறேன். நீயும் புதுப் பாகங்களோடு பதிலைப் போட்டு அனுப்பு. பார்சல்காரருக்குக் கூடுதல் சுமை ஒன்றும் இல்லை.

பம்ப் ஆலைக்காரர்கள் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் அறை கொடுத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. நம் மெஷினின் கேட்லாக்கை நான்காக மடித்து அடியில் வைத்திருக்கிறேன். நீ அச்சடித்த கேட்லாக் இதுவரை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

இன்று மெஷினை ஓட்டிப் பார்த்தேன். இரும்பு பம்ப் மூடியை எடுத்து வைக்க வேண்டும், இரண்டு கையாலும் பட்டன்களை அழுத்த வேண்டும், மேலிருந்து கிளாம்ப் இறங்கிப் பிடிக்க வேண்டும், எண் அச்சு வந்து அடிக்க வேண்டும், கிளாம்ப் விட வேண்டும், மூடியை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். இவ்வளவுதான். ஒரு மூடிக்கு எவ்வளவு ஆகிறது தெரியுமா? பன்னிரண்டு புள்ளி நான்கு விநாடி.

நீ அவர்கள் மீட்டிங்கில் மார் நிமிர்த்திச் சொன்னது எட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தாளில் பதினொன்று என்று எழுதி, அடியில் கோடும் போட்டு, உன் பக்கம் நகர்த்தினேன். நீ அதன் மேல் காபி டம்ளரை வைத்தாய்.

பத்து வருஷமாக நம் பட்டறையில் நேரக் கணக்கு போடுவது நான், மெஷின் கட்டுவது நீ. இப்போது நீ போட்ட கணக்குக்கு நான் வந்து மெஷினைத் திருகிக்கொண்டிருக்கிறேன், உன் முதுகு பிடித்துக்கொண்டது என்பதற்காக. முதுகுக்கும் நேரம் பார்த்துப் பிடிக்கத் தெரிகிறது.

பதினான்காம் தேதி டெஸ்ட். முந்நூறு மூடிகள், சராசரி எட்டு விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஜெயித்தால் இன்னும் நான்கு மெஷின் நம்மிடம் வாங்குவார்கள். தோற்றால் இதையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். லைன் சூப்பர்வைசர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிகிறார். அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வேண்டியவை: காற்றைச் சிலிண்டரின் வாயிலேயே சட்டென்று வெளியேற்றும் வால்வு நான்கு. கிளாம்ப்புக்கு ஏறி இறங்கும் தூரம் குறைந்த சிலிண்டர் ஒன்று. நாற்பது மில்லிமீட்டர் போதும், நீ எதற்காக நூறு போட்டாய் என்று தெரியவில்லை. நாளைக்கே அனுப்பு.

அக்கா

மார்ச் 5, புதன்

அக்காவுக்கு,

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் முதுகைத் திட்டு. அதை ஏற்கெனவே திட்டிவிட்டாய் என்பதையும் படித்தேன். உட்கார்ந்தால் இடது கால் மரத்துப் போகிறது. நின்றால் இடுப்பில் யாரோ ஆணி அடிக்கிறார்கள். நடந்தால் கொஞ்சம் தேவலை என்று வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். என் வீட்டுக்காரி, "ஒண்ணு படுங்க, இல்ல வெளிய போங்க, எனக்குத் தல சுத்துது"ங்கிறாள்.

நீ கேட்ட நூறு மில்லிமீட்டருக்குப் பதில்: ஸ்டோரில் அதுதான் இருந்தது. நாற்பது வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். வால்வும் நான்கு இருக்கிறது. ஹோஸ் எல்லாவற்றையும் பாதியாக வெட்டு. பின்பக்கமாகச் சுற்றி அழகாகக் கட்டியிருக்கிறேனே, அந்த அழகெல்லாம் இப்போது வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்த நீளம் முழுக்கக் காற்று நிரம்பிக் காலியாக வேண்டும். வெட்டினால் கால் விநாடியாவது மிஞ்சும்.

காபி டம்ளரைப் பற்றி. நான் வேண்டுமென்று வைக்கவில்லை, கை அங்கே போனது. ஆனால் உன் தாளை நானும் படித்தேன் அக்கா. எடுத்து வைக்க மூன்றரை, பிடிக்க முக்கால், அடிக்க ஒன்று, விட முக்கால், எடுக்க இரண்டரை. கூட்டினால் எட்டரை. அதற்கு மேல் பட்டனைத் தேடும் கைக்கு இவ்வளவு, சோர்வுக்கு இவ்வளவு, காற்று குறைந்தால் இவ்வளவு என்று பயத்தையெல்லாம் கூட்டிப் பதினொன்று ஆக்கியிருந்தாய். எதிரே இருந்தவர் இன்னொரு கம்பெனி ஒன்பது சொல்லியிருக்கிறது என்றார். நான் எட்டு என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப விழுங்குவது எப்படி?

ஒரு விஷயம். முன்னால் இருக்கும் பட்டன் பெட்டியைத் திறக்க வேண்டாம். அதில் நேரம் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. நான் செட் செய்து மூடியது, அப்படியே இருக்கட்டும்.

தம்பி

மார்ச் 7, வெள்ளி

தம்பிக்கு,

ஹோஸை வெட்டினேன். சிலிண்டரை மாற்றினேன். வால்வுகளைப் போட்டேன். ஒன்பது புள்ளி ஒன்பது.

ஆனால் அது காலை பத்து மணி வரை மட்டும்தான். பத்தரைக்குப் பெயின்ட் அடிக்கும் பகுதியில் வேலை தொடங்கியதும் காற்றழுத்தம் பொத்தென்று விழுகிறது. நம் கிளாம்ப் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிற மாதிரி இறங்குகிறது. முழு ஆலைக்கும் ஒரே கம்ப்ரஸர். இதைத்தான் நான் 'காற்று குறைந்தால்' என்று எழுதினேன், நீ பயம் என்றாய். மெஷின் பக்கத்திலேயே வைக்கச் சின்னக் காற்றுத் தொட்டி ஒன்று அனுப்பு, திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வோடு.

மெஷினில் உட்காருகிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவளை லெஃப்ட் அக்கா என்கிறார்கள். என்னைவிடச் சின்னவள்தான், முப்பத்தைந்து இருக்கலாம். இடது கைக்காரி. இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் நான் சொன்னபடி செய்துகொண்டிருந்தாள். இன்று டீ நேரத்தில் கேட்டாள்.

"மேடம், இந்த மெஷினக் கட்டினவரு எல்லாத்தையும் சோத்துக்கையாலயே பண்றவரா?"

"ஆமா. என் தம்பி."

"அதான் பாத்தேன். மூடி வலது பக்கம் வருது. மூடிய நிறுத்தற தடுப்புக் கம்பி வலது பக்கம் இருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் என் வயித்தச் சுத்திக் கையக் கொண்டுபோக வேண்டியிருக்கு. நீங்க என்னடான்னா வால்வத் திருகிட்டே இருக்கீங்க."

நான் மூடிகள் வரும் தட்டை இடது பக்கம் மாற்றினேன். தடுப்புக் கம்பியைக் கழற்றி மறுபக்கம் போட்டேன். இருபது நிமிஷ வேலை. ஒன்பது புள்ளி ஒன்று.

பத்து வருஷம் நேரக் கணக்குப் போட்டவள் நான். 'எடுத்து வைக்க மூன்றரை' என்று எழுதும்போது யாருடைய கை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னும் ஒரு விநாடிக்கு மேல் இருக்கிறது. இரவு படுத்தால் கிளாம்ப் விடும் சத்தம் காதுக்குள் புஸ் புஸ் என்று கேட்கிறது.

அக்கா

மார்ச் 10, திங்கள்

அக்காவுக்கு,

தொட்டி அனுப்பியிருக்கிறேன். கிளாம்ப் பிடித்த பிறகு அடிக்கக் காத்திருக்கும் நேரத்தை டைமரில் வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, பிடித்ததும் சொல்லும் சென்சாரைப் போடு. பெட்டியில் மஞ்சள் உறையில் இருக்கிறது. மேலே திரும்பும் வேகத்தைக் கூட்டு. சத்தம் வந்தால் வரட்டும்.

ஒன்பது புள்ளி ஒன்று போதாது என்பது எனக்கும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். கூடத்திலிருந்து சமையலறைக்குப் பதினாறு அடி. நீ அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாயோ என்று மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று சொல்கிறேன். ரொம்ப நாளாகத் தொண்டையில் நிற்கிறது. போன வருஷம் அந்தச் சங்கிலி ஆலைக்காரர் கேட்டபோது நீ பதினாலு சொன்னாய். போய்விட்டார். அதற்கு முன்னால் பூட்டுக் கம்பெனி. அங்கே ஒன்பது சொன்னாய். அவர்களும் போய்விட்டார்கள். நீ சொன்ன எண் எதுவும் தப்பாகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரியான எண்ணைச் சொல்லிவிட்டு வெறும் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் ஆமாம் என்று சொல்லத் தயாராக இருக்கும்போது நீ ஒருத்தி மட்டும் தாளை நகர்த்துகிறாய். ஒரே ஒரு முறை நகர்த்தாமல் இருந்துதான் பாரேன் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் கை அந்த டம்ளரை எடுத்தது என்று வைத்துக்கொள்.

தம்பி

மார்ச் 12, புதன்

தம்பிக்கு,

எட்டு புள்ளி ஆறு. தொட்டி வேலை செய்கிறது. சென்சார் வேலை செய்கிறது. இதற்கு மேல் மெஷினில் ஒன்றும் இல்லை. மெஷின் மட்டும் எடுக்கும் நேரம் இப்போது இரண்டு விநாடிதான், மீதி எல்லாம் அவள் கைகள். அவளும் சும்மா இல்லை. ஒரு கையால் வைக்கிறாள், இரண்டு கையாலும் பட்டனை அழுத்துகிறாள், விட்டதும் ஒரு கை எடுக்க, மறு கை அடுத்ததற்குப் போகிறது. பார்த்தால் பின்னல் போடுவது மாதிரி இருக்கிறது.

கடிகாரம் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் வேகமா பண்ணலாம்மா, ராத்திரி தூங்கினியா இல்லியா"ன்னு கேட்டார். அவள் கை நிற்காமலே, "நான் தூங்கினேன் சார், மூடிதான் ஒண்ணரைக் கிலோ இருக்கு"ன்னாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன். பதில் எழுதத் தோன்றவில்லை. கோபமா என்று கேட்டால், இல்லை. மூன்று முறை படித்தேன்.

இன்னும் புள்ளி ஆறு.

அக்கா

மார்ச் 14, வெள்ளி

தம்பிக்கு,

டெஸ்ட் முடிந்தது. முந்நூறு மூடி. சராசரி ஏழு புள்ளி எட்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் ஷிப்டு ஆட்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், புதன் வரை இருப்பேன்.

அக்கா

மார்ச் 17, திங்கள்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதுகை மறந்து மாடிக்கு ஓடினேன். பாதிப் படியில் முதுகு என்னை ஞாபகப்படுத்தியது. பரவாயில்லை. ஏழு புள்ளி எட்டு. பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பழைய லேத் மேஸ்திரி மட்டும், "அக்கா இத்தன சுருக்கமா லெட்டர் எழுத மாட்டாங்களே"ன்னார். களைத்துப் போயிருப்பாள் என்றேன்.

களைப்புதானே? மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. புதன் எட்டு புள்ளி ஆறு, வெள்ளி ஏழு புள்ளி எட்டு. மெஷினில் இனி ஒன்றும் இல்லை என்று நீயே எழுதியிருந்தாய். அப்புறம் எதில் பிடித்தாய்? அடுத்த நான்கு மெஷினுக்கு எனக்குத் தெரிய வேண்டும், அதனால் கேட்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி

மார்ச் 18, செவ்வாய்

தம்பிக்கு,

இன்று காலை பத்தே காலுக்கு லெஃப்ட் அக்காவின் இடது கை ஆள்காட்டி விரல் கிளாம்ப்பில் மாட்டியது. முதல் கணுவோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் அங்கிருந்துதான் வந்தேன். என் சட்டையில் ரத்தம் இன்னும் இருக்கிறது. மாற்றிக்கொண்டு எழுதலாம் என்று நினைத்தேன், மாற்றினால் எழுத மாட்டேன்.

எதில் பிடித்தேன் என்று கேட்டாய்.

வெள்ளிக்கிழமை காலை டெஸ்ட்டுக்கு அரை மணி முன்னால் கடிகாரம் ஒரு அட்டையை மடித்து இடது பட்டனின் மேல் அழுத்தி, பழுப்பு டேப் போட்டு ஒட்டினார். பட்டன் அழுந்தியபடியே நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். "டெஸ்ட்டுக்கு மட்டுந்தான் மேடம். ஒரு கை ஃப்ரீ ஆச்சுன்னா எட்டுக்குள்ள வந்துரும்"ன்னார். நான், "அப்படி ஓடாது சார்"ன்னேன். ரொம்ப நிம்மதியாகச் சொன்னேன். ஒரு பட்டன் முன்னாலேயே அழுந்தியிருந்தால் மெஷின் நகரவே கூடாது. இரண்டு கையும் ஒன்றாக வந்து அழுத்தினால்தான் நகர வேண்டும். அதற்குத்தானே இரட்டைக்கை யூனிட் என்று ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் நான்தான் அதை எழுதினேன்.

அவர் வலது பட்டனை அழுத்தினார். மெஷின் ஓடியது.

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. பெட்டியைத் திறக்காதே என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. உள்ளே என்ன செய்திருப்பாய் என்று திறக்காமலே தெரிந்தது. நிறுத்துங்கள் என்பது வாய் வரை வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான், ஒரு கைக்கு ஓய்வு கிடைத்தது என்று. ஒரே ஒரு முறை தாளை நகர்த்தாமல் இருந்து பார் என்று நீ எழுதியிருந்தாய். பார்த்தேன்.

அதற்காக உன் மேல் பழி போடவில்லை. வாய் என்னுடையது.

டெஸ்ட்டுக்கு மட்டும் என்றார். திங்கட்கிழமையும் டேப் இருந்தது. சொன்னேன். சாயங்காலம் எடுத்துவிடுவதாகச் சொன்னார். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். இன்று ஒரு மூடி கோணலாக உட்கார்ந்தது. அவள் இடது கையால் அதைச் சரிசெய்தாள். வலது கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது.

சத்தம் போடவில்லை. "மேடம், காத்த நிறுத்துங்க"ன்னாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு சாதாரண பட்டன் வால்வுகள், ஒன்றன்பின் ஒன்றாக. பழைய வரைபடத்தில் இருந்த யூனிட் எங்கே?

அக்கா

மார்ச் 20, வியாழன்

அக்காவுக்கு,

அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

முதலில் வேறு மாதிரி ஒரு கடிதம் எழுதினேன். டேப் ஒட்டியது அவர்கள், நாம் இரண்டு பட்டன் வைத்துத்தான் கொடுத்தோம், நம் மேல் எதுவும் நிற்காது என்று இரண்டு பக்கம். எழுதி முடித்து என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இத யாருக்கு எழுதியிருக்கீங்க? உங்க அக்காவுக்கா, வக்கீலுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். இங்கே ஓட்டிப் பார்த்தபோது அந்த யூனிட் ஆறில் ஒரு தடவை மறுத்தது. ஒரு கை அரை விநாடி முந்திவிட்டால் கேட்காது, இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். அதன் வேலையே அதுதான், தெரியும். ஆனால் எனக்கு மறுபடி அழுத்திய ஒவ்வொரு தடவையும் எட்டு கைநழுவிப் போகிற மாதிரி இருந்தது. ஒருநாள் சாயங்காலம் நீ சீக்கிரம் கிளம்பிப் போயிருந்தாய். கழற்றினேன். இரண்டு சாதாரண வால்வுகளைப் போட்டு மூடினேன். இரண்டு கையும் அழுத்தினால்தானே ஓடும், யார் போய் டேப் ஒட்டப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். பட்டறையில் நானே ஒட்டியிருக்கிறேன் அக்கா, எத்தனையோ மெஷினில். யார் ஒட்டப் போகிறார்கள் என்று எப்படித்தான் எனக்குள் கேட்டுக்கொண்டேனோ.

மற்றவர்கள் யாருக்கும் இது தெரியாது. உனக்கும் தெரியக் கூடாது என்றுதான் பெட்டியைத் திறக்காதே என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது கை நின்றது. முதுகு வலி என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து எழுதினேன்.

நான் வருகிறேன். டாக்டர் இன்னும் ஒரு வாரம் என்கிறார். பஸ்ஸில் கடைசி சீட்டில் படுத்துக்கொண்டு வந்துவிடலாம். யூனிட்டைக் கையிலேயே எடுத்து வருகிறேன், பார்சலில் போட மனம் வரவில்லை.

லெஃப்ட் அக்கா எப்படி இருக்கிறார்? என்னைப் பற்றி அவரிடம் சொன்னாயா?

தம்பி

மார்ச் 22, சனி

தம்பிக்கு,

சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அங்கிருந்தே, "மேடம், எழுதற கை இது. சாப்பிடற கை இது. என் பொண்ணுக்குத் தலை பின்றது இதாலதான்"ன்னாள். அவள் வீட்டுக்காரர் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

மெஷினுக்கு சீல் வைத்துவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்திருக்கிறார், தலைமை அலுவலகத்திலிருந்து. நேற்று கடிகாரம் ஒரு தாளை நீட்டினார். தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று டைப் அடித்து, அடியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. டேப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. "உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. நாலு மெஷின் ஆர்டர் நிக்குது"ன்னார். நான் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததைப் பேனாவால் எழுதினேன். டேப், அவர் சொன்னது, நான் பார்த்தது, பெட்டிக்குள் இருந்தது, இருந்திருக்க வேண்டியது. உன் பெயர், என் பெயர். கையெழுத்துப் போட்டு நேராக அதிகாரியிடம் கொடுத்தேன். நான்கு மெஷினை மறந்துவிடு.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதிகாரிக்காகக் காத்திருந்தபோது லைனில் நடந்தேன், உன்னை மாதிரி. நம் மெஷினுக்கு அடுத்தது மூடிகளைக் கழுவும் மெஷின். அதன் முன்னால் பெட்டி பெட்டியாக மூடிகள், நடக்க வழியில்லாமல். மூன்று நாளாக நம் மெஷின் ஓடவில்லை, அப்படியும். அங்கே நின்றவரிடம் கேட்டேன்.

"இது எத்தன விநாடிக்கு ஒண்ணு கழுவும்?"

"பன்னெண்டு."

"இப்ப மெதுவா ஓடுதா?"

"எப்பவுமே பன்னெண்டுதாம்மா. வாங்கின நாள்லேர்ந்து."

"அப்ப எட்டு விநாடிக்கு ஒண்ணு யாருக்கு வேணும்?"

அவர் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். கொள்முதல் பிரிவில் போய்க் கேட்டேன். பழைய எண் அடிக்கும் மெஷின் மேல் ஒரு தகடு இருந்ததாம். அதில் எட்டு விநாடி என்று பொறித்திருந்ததாம். புது மெஷின் பழையதைவிட மோசமாக இருக்கக் கூடாது என்று அதையே எழுதிவிட்டார்கள். அந்தப் பழையது எட்டில் ஓடி யாரும் பார்த்ததில்லை.

என் பதினொன்றே தேவைக்கு மேல் வேகம் தம்பி. பன்னிரண்டு போதும். நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொன்று என்று அடிக்கோடு போடத் தெரிந்தது எனக்கு, எதற்கு எட்டு என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

நாளைக் காலை கிளம்புகிறேன். பட்டறையைப் பார்க்க ஆள் வேண்டும். நம் இரண்டு பஸ்ஸும் வழியில் எங்கேயோ எதிரெதிரே போகும். அறைச் சாவி கீழே பேட்டரிக் கடைக்காரரிடம் இருக்கும். ஆஸ்பத்திரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடி. போ. ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதே.

அக்கா

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்காவுக்கு,

இரண்டு வாரமாக எழுதவில்லை. நீயும் போன் செய்யவில்லை. நல்லதுதான்.

வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவு வரை போய்த் திரும்பி, மாடிப்படியில் உட்கார்ந்து, மறுபடி போனேன். அவருடைய வீட்டுக்காரர், "யாரு?" என்றார். மெஷின் கட்டினவன் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். லெஃப்ட் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உக்கார முடியாதுன்னு மேடம் சொன்னாங்க. நில்லுங்க"ன்னார். அரை மணி நேரம் நின்றேன். இழுப்பறையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார், "அதக் கழட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?" பத்து நிமிஷம் என்றேன்.

மெஷின் சீல் வைத்த நிலையிலேயே இருந்தது. ஆனால் மூடிகளுக்கு எண் வேண்டுமே. கையால் அடிக்க ஆள் இல்லை என்றார்கள். நான் அடித்தேன். எண் அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால், ஒரு மூடிக்கு முக்கால் நிமிஷம், பெல்ட்டால் இடுப்பைக் கட்டிக்கொண்டு. கழுவுகிறவர் எனக்காகக் காத்திருந்தார். இரண்டாம் நாளிலிருந்து அவரே மூடிகளை எடுத்து வைத்துக் கொடுத்தார். கடிகாரத்தை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன் என்னிடம் வந்து, தன் மேலதிகாரி தினமும் எட்டு எட்டு என்று கேட்டதாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவரைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

உன் தாள் வேலை செய்தது. விபத்துக்குத் தொழிலாளி காரணம் இல்லை என்று அதிகாரி எழுதிவிட்டார். சிகிச்சையும் சம்பளமும் ஆலையே பார்த்துக்கொள்கிறது, நம் பங்கும் இருக்கிறது, அதை நேரில் பேசலாம். நான்கு மெஷினும் இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டது. இந்த ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள், பன்னிரண்டு விநாடிக்கு.

நேற்று சீலை எடுத்தார்கள். இரட்டைக்கை யூனிட்டைப் போட்டேன். கிளாம்ப்புக்கும் மூடிக்கும் நடுவில் விரல் நுழையாதபடி இடைவெளியைக் குறைத்து ஒரு தடுப்பும் வைத்தேன். வேகத்தையெல்லாம் குறைத்தேன். நாம் ராத்திரி பகலாகப் பிடித்த ஒவ்வொரு கால் விநாடியையும் திருகித் திருகித் திரும்பக் கொடுத்தேன்.

இன்று காலை லெஃப்ட் அக்கா வந்தார். அவரைப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள், அவர் வேண்டாம் என்றிருக்கிறார். கையில் கட்டு இன்னும் இருக்கிறது, ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்களாம். சும்மா பார்க்க வந்தேன் என்றார். மெஷின் முன்னால் நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேப் இருக்கா?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். "நீங்களே ஒட்டுங்க"ன்னார். இடது பட்டனை அழுத்தி ஒட்டினேன். வலதை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மெஷின் நகரவில்லை. மறுபடி என்றார். மறுபடி. பத்துத் தடவையாவது இருக்கும். அப்புறம் டேப்பை மறு பட்டனுக்கு மாற்றச் சொன்னார். அதிலும் நகரவில்லை.

"சரி. அந்தத் தடுப்பக் கழட்டிட்டு உங்க கைய உள்ள வைங்க. நான் அழுத்தறேன்."

பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில்தான் இருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கழற்றினேன். வலது கையைக் கிளாம்ப்புக்கு அடியில் வைத்தேன். மேலே இரும்பு. ஒரு பட்டனில் டேப், இன்னொன்றில் அவருடைய வலது கை. நான் போட்ட யூனிட், நானே சோதித்தது, நகராது என்று எனக்குத் தெரியும் அக்கா. அப்படியும் இன்னொரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுத்தினார். விடவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்திப் பிடித்திருந்தார். நான் அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைனில் எல்லோரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

பிறகு பட்டனை விட்டார். டேப்பைத் தானே உரித்து, உருட்டி, குப்பைத் தொட்டியில் போட்டார்.

"எந்திரிங்க"ன்னார். "அது என் எடம்."

தம்பி